பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்த என் மகள், சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறாள். பரீட்சைக்கு இது போதுமா?

போதாது. உங்கள் மகள் செய்வதை அப்படியே நானும் செய்து மாட்டிக்கொண்டவன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மார்க்குக்காகத்தான் பிரெஞ்சு எடுக்க வைத்திருப்பீர்கள், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, எங்கள் அப்பாவும் அதற்காகத்தான் சேர்த்துவிட்டார். "தாய்மொழியை விட்டுட்டு" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு வருஷம் தமிழ் படிக்காதது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான், ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. நான் வாத்தியாரும் இல்லை. கடலூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன்.

என் நோட்டு முழுக்க போன்ழூர், மெர்சி, சில் வூ ப்ளே என்று தமிழ் எழுத்துதான். ஒப்பிக்கச் சொன்னால் கடகடவென்று ஒப்பிப்பேன். எழுதச் சொன்னால்தான் வினை. பிரெஞ்சில் பாதி எழுத்து வாயே திறக்காது. 'நிறைய' என்பதற்கு போகூ, தமிழில் இரண்டு எழுத்து, அவர்களுக்கு எட்டு. 'உம்' என்று சேர்ப்பதற்கும் ஏ, 'இருக்கிறது' என்பதற்கும் ஏ, என் நோட்டில் இரண்டும் ஒரே ஏ. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு இல் பார்ல்தான், எழுதும்போது பன்மைக்கு மட்டும் ஒரு வால் உண்டு, அது என் நோட்டில் எங்கே இருக்கும்?

காலாண்டில் 'எங்கள் ஊர்' பற்றி ஐந்து வரி கேட்டிருந்தார்கள். கடலூர்க்காரன் மீனை விட்டுவிட்டு என்ன எழுதுவான்? மீன் என்பதற்கு இரண்டு எஸ் போட வேண்டும், நான் ஒன்று போட்டேன். ஒன்று போட்டால் அது விஷம். "எங்கள் ஊரில் தினமும் விஷம் சாப்பிடுகிறோம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். (ஆலைகள் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் அதில் தப்பே இல்லை என்பார்கள், அது வேறு கதை.)

பேப்பர் கொடுத்த அன்றைக்கு நடந்ததுதான் இன்னும் அவமானம். எங்கள் மிஸ் மார்க்கைப் பிரெஞ்சில்தான் படிப்பார். என் பெயரைச் சொல்லி "சுவாசாந்த் ஏ ஓன்ஸ்" என்றார். எனக்கு முதல் பாதிதான் பிடிபட்டது, சுவாசாந்த் என்றால் 60. அப்போது 200-க்கு 70 எடுத்தால் பாஸ். சரி, தொலைந்தோம் என்று பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்துப் பையன் போய் வாங்கி வந்த பேப்பரில் 71 என்று இருந்தது. பிரான்ஸில் பேசும் பிரெஞ்சில் எழுபதுக்கென்று தனிச் சொல் கிடையாது, அறுபதும் பத்தும், அறுபதும் பதினொன்றும் என்று போகும். எண்பது என்றால் நான்கு இருபது. பாஸானது தெரியாமல் அழுதவன் அந்த வகுப்பில் நான் ஒருவன்தான்.

அப்பா விஷயம் தெரிந்து என்னைப் பாண்டிக்கு, முத்தியால்பேட்டையில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் அனுப்பினார். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். சாயங்காலம் ஆனால் பெத்தாங்க் ஆட இரும்புக் குண்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், கூடவே போய் பாயிண்ட் எண்ணி எண்ணியே எனக்கு எண்கள் வந்தன, ஆனால் 13-ஓடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் அதற்கு மேல் வரவில்லை. எண்பதை ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "நம்ம தொண்ணூறு மட்டும் ஒழுங்காடா? அதுல நூறு எங்கேருந்து வந்துச்சுன்னு உங்க தமிழய்யாவைக் கேட்டியா?" என்றார்.

அவர் செய்தது ஒன்றுதான். திக்தே. அவர் வாசிப்பார், நான் எழுத வேண்டும், தப்பான வரியை மூன்று முறை. தமிழ் நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டார். சொல்லைத் தனியாக எழுதினால் திட்டு விழும், முன்னால் ஆண்பாலுக்கு லெ, பெண்பாலுக்கு லா சேர்த்துத்தான் எழுத வேண்டும். வேலோ என்றால் ஆண்பால், பிசிக்லெத் என்றால் பெண்பால், இரண்டும் அதே சைக்கிள்தானே பெரியப்பா என்றால், "கேள்வி கேட்காத, எழுது."

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் எனக்கு ஒரு குறை. பாண்டிக்குப் போகிறேன் என்றாலே சொந்தக்காரர்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள், வரும்போது ஒன்று வாங்கி வா என்பார்கள். எனக்குப் பதினாறு வயது, பையில் அகராதி இருக்கிறது! இன்றைக்கும் மாறவில்லை. அந்த ஊரில் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். தமிழ் எழுத்தைத்தான் விடச் சொல்கிறேன், தமிழை அல்ல. பிள்ளைகள் இங்கிலீஷ் வழியாக யோசித்துத்தான் பாதித் தப்பு செய்கிறார்கள். 'ஐ ஆம்' என்று நினைத்து வயதுக்கும் பசிக்கும் 'ழ சுய்' போடுவார்கள். இரண்டுக்கும் 'ழே', அதாவது 'என்னிடம் இருக்கிறது'. நாமும் 'எனக்குப் பதினாறு வயது, எனக்குப் பசி' என்றுதானே சொல்கிறோம், 'நான் பசி' என்றா சொல்கிறோம்? தூ, வூ வித்தியாசமும் நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், நீயும் நீங்களும்தான்.

உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து வாக்கியம் நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அவள் பார்க்காமல் பிரெஞ்சில் எழுதட்டும், அப்புறம் புத்தகத்தை எடுத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். 70-லிருந்து 99 வரை தனியாக ஒருநாள்.