ஸ்கிளீரோடெர்மா உள்ளவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல் என்று வந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் உயர் அழுத்தம் இல்லை என்று நம்பலாமா?

அம்மாவுக்குப் பல வருடமாக ஸ்கிளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எக்கோ நார்மல், இதோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. நுரையீரல் திறன் சோதனை எடுக்கும் டெக்னீஷியன். ஸ்கிளீரோடெர்மா நோயாளிகள் எங்கள் அறைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். தோல் இறுகி வாய் முழுதாகத் திறக்காது, குழாயைச் சுற்றி உதட்டை மூடவே சிரமப்படுவார்கள். விரல் ஜில்லென்று இருப்பதால் ஆக்சிஜன் கிளிப் அளவு காட்டாது, காதுமடலில் மாட்டுவோம். தோலில் தெரியும் இந்த நோய் உள்ளே ரத்தக்குழாய்களையும் பாதிக்கும். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் தடித்துச் சுருங்கினால் அழுத்தம் ஏறும், வலது இதயம் திணறும். நோயாளிக்கு ஆரம்பத்தில் தெரிவதெல்லாம் கொஞ்சம் மூச்சுவாங்கல்தான். வயசாகிவிட்டது என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

உங்கள் கேள்வியையே ஆராய்ந்த டிடெக்ட் என்ற ஆய்வு 2014-இல் வந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் இதயநோய் நிபுணர் ஜெர்ரி கோக்லன் முதல் ஆசிரியர். அதே மருத்துவமனையில் ஸ்கிளீரோடெர்மாவை ஆராய்ந்துவரும் கிறிஸ்டோபர் டென்டனும் அதில் இருக்கிறார். 18 நாடுகள், 466 நோயாளிகள். எல்லோருக்கும் ஸ்கிளீரோடெர்மா வந்து 3 வருடத்துக்கு மேல் ஆனது, டி.எல்.சி.ஓ (நுரையீரலிலிருந்து வாயு ரத்தத்துக்குள் போகும் திறன்) இருக்கவேண்டிய அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே. நான் பெரிதாக மதிப்பது அவர்கள் செய்த முறையை. அழுத்தத்தை நேரடியாக அளக்க வலது இதயத்துக்குள் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விடவேண்டும். வழக்கமாக எக்கோவில் சந்தேகம் வந்தவருக்குத்தான் அதைச் செய்வார்கள். அப்படிச் செய்தால் எக்கோ தவறவிட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இவர்கள் சந்தேகம் உண்டோ இல்லையோ எல்லோருக்கும் கத்தீட்டர் செய்தார்கள். 19 சதவீதம் பேருக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோய் இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பக் கட்டம். அப்போதைய வழிகாட்டு நெறிகளை மட்டும் பின்பற்றியிருந்தால் அவர்களில் 29 சதவீதம் பேர் விட்டுப்போயிருப்பார்கள். இவர்களுடைய புதிய கணக்கில் விட்டுப்போனது 4 சதவீதம்தான். அதற்கு விலையும் உண்டு. கத்தீட்டருக்கு அனுப்பவேண்டியவர்கள் 40 சதவீதத்திலிருந்து 62 ஆகிறார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்த ஆக்டெலியான் இந்த நோய்க்கு மருந்து விற்ற கம்பெனி என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் எல்லோருக்கும் கத்தீட்டர் என்ற அடித்தளம் உறுதியானது என்பதால் நான் இதை நம்புகிறேன்.

அந்தக் கணக்கில் எக்கோ இரண்டாம் படியில்தான் வருகிறது. முதல் படியில் ஆறு விஷயம்: எஃப்.வி.சி.க்கும் (முழுதாக இழுத்து ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) டி.எல்.சி.ஓ.வுக்கும் உள்ள விகிதம், முகத்திலும் கையிலும் தெரியும் சிவப்பு ரத்தநாளப் புள்ளிகள், ஆன்டி-சென்ட்ரோமியர் ஆன்டிபாடி (ஸ்கிளீரோடெர்மாவில் ரத்தத்தில் காணப்படும் ஒரு எதிர்ப்பொருள்), ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் திணறும்போது ஏறும் பொருள்), யூரிக் ஆசிட், ஈ.சி.ஜி.யில் இதய அச்சு வலப்பக்கம் சாய்ந்திருப்பது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள்.

இதில் முதலாவது நாங்கள் எடுப்பது. டி.எல்.சி.ஓ.வுக்கு மூச்சை முழுதாக வெளியே விட்டு, துளி கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, 10 விநாடி அடக்கவேண்டும். எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்பதுதான் அளவு. எஃப்.வி.சி 88 சதவீதம், டி.எல்.சி.ஓ 45 சதவீதம் என்று வந்தால், நுரையீரலில் காற்று நிரம்புகிறது, ஆனால் ரத்தத்துக்குள் போவதில்தான் தடை. ரத்தக்குழாயைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நுரையீரல் தழும்பேறியிருக்கலாம், அதற்கு சி.டி. பார்ப்பார்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நுரையீரல் நிபுணர் மார்க் ஹம்பர்ட்டின் குழு பிரான்சில் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் 8 வருடம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். அறிகுறி முற்றி வந்தவர்களில் 17 சதவீதம். சிறிய ஆய்வு, சீக்கிரம் கண்டுபிடிப்பதாலேயே வருடக்கணக்கு நீளமாகத் தெரியும் என்பதும் உண்மை. ஆனாலும் இவ்வளவு இடைவெளியைத் தள்ளிவிட முடியவில்லை.

அதனால் ஸ்கிளீரோடெர்மாவைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரிடம் என்டி-ப்ரோபிஎன்பியும் டி.எல்.சி.ஓ.வும் எடுத்தாயிற்றா, டிடெக்ட் கணக்குப் போடலாமா என்று நேராகக் கேளுங்கள். 2022 ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளிலும் அது இருக்கிறது. கத்தீட்டரில் அளக்கும் நுரையீரல் ரத்தக்குழாயின் சராசரி அழுத்தம் எவ்வளவு இருந்தால் நோய் என்று சொல்லும் எல்லையும் 25-இலிருந்து 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்று இறங்கியிருக்கிறது. பழைய நுரையீரல் ரிப்போர்ட்களைத் தேதிவாரியாகக் கொண்டுபோங்கள், டி.எல்.சி.ஓ வருடாவருடம் இறங்குவது அதில்தான் தெரியும். அப்புறம், சோதனைக்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் டி.எல்.சி.ஓ குறைவாகவே காட்டும். ஹீமோகுளோபின் எண்ணை டெக்னீஷியனிடம் சொன்னால் அதற்கேற்பத் திருத்திக் கணக்கிட்டுத் தருவார்.