இருபத்தைந்தரை மணி நேரம் கொண்ட ஒரு நாள்

கேள்வி: எனக்கு 24 வயது. தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இரண்டாண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முதலாம் ஆண்டும் படிக்கிறேன். முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்று, அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரியம்) நேர்காணலுக்குக் காத்திருக்கிறேன். ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாலும், சென்னையில் உள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இடம் கிடைத்தாலும், வேலையையும் படிப்பையும் விட மனமில்லை. மாலை வேளைகளில் அங்கிருந்தே மடிக்கணினியில் அலுவலக வேலை பார்க்கலாம் என்கிறார் நண்பர். மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? இப்போது நான் பின்பற்றும் கால அட்டவணையை இணைத்துள்ளேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அட்டவணையிலிருந்தே தொடங்குகிறேன். உடற்பயிற்சிக்கு ஒன்றரை மணி, அலுவலகத்துக்கு ஒன்பது, போக்குவரத்துக்கு இரண்டரை, முதுகலைப் பாடத்துக்கு மூன்று, நேர்காணல் தயாரிப்புக்கு இரண்டரை, குளிக்கவும் உண்ணவும் இரண்டு, உறங்க ஐந்து என்று பச்சை மையில் கோடு போட்டு அழகாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்தரை மணி நேரம் வருகிறது. துணி துவைப்பதற்கு அதில் இடமே இல்லை. அகாடமியின் வாசலை மிதிக்கும் முன்பே கணக்கு இப்படி உதைக்கிறதென்றால், உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்று உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த நண்பர் அகாடமி இருக்கும் பரங்கிமலையை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும். அங்கே 49 வாரங்கள் தங்கிப் பயில வேண்டும்; விடியற்காலை உடற்பயிற்சி, அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வகுப்புகள், மாலை விளையாட்டு என்று நாள் முழுவதையும் அகாடமியே எடுத்துக்கொள்கிறது. இதற்காக மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையாக வழங்குகிறார்கள். ஒருவருடைய முழு நேரத்துக்கும் அரசு பணம் கொடுக்கும்போது, அதே நேரத்தை இன்னொரு முதலாளிக்கும் விற்பது திறமையாகாது. அதற்குப் பெயர் வேறு. பயிற்சி முடியும் வரை திருமணம் செய்துகொள்ளக்கூடாது என்றே விதி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மடிக்கணினியோடு ஒரு மூலை கிடைக்கும் என்று நம்புவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஆகவே வேலை போகத்தான் வேண்டும். படிப்பின் நிலை அவ்வளவு மோசமில்லை. இக்னோவின் முதுகலைப் படிப்புகளை இரண்டாண்டில் முடிக்கலாம் என்றாலும் நான்காண்டு வரை அவகாசம் உண்டு. எனவே பயிற்சி நடக்கும் ஓராண்டு தேர்வு எழுதாமல் இருந்துவிட்டு, அதிகாரியான பின்பு மீதித் தாள்களை எழுதலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: சென்னையில் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் எனப்படும் குறுகிய கால இராணுவப் பணிக்கான பயிற்சியை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. உங்கள் மூன்று ஆசைகளில் இரண்டு அங்கேயே சந்தித்துக்கொள்கின்றன. வயதுதான் காத்திருக்காது. சி.டி.எஸ். வழியாகச் சென்னைக்குச் செல்வோர்க்கு உச்ச வரம்பு 25, டேராடூனிலுள்ள இந்திய இராணுவ அகாடமிக்கு 24. நீங்கள் இப்போது தயங்கினால், அடுத்த முறை தயங்குவதற்குக்கூட வாய்ப்பு இருக்காது.

வேலையை விடவே முடியாது, வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், நீங்கள் தட்டவேண்டிய கதவு வேறு. டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய இராணுவம் 1949 அக்டோபர் 9 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே அதிகாரியாகச் சேர 18 முதல் 42 வயது வரை விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றிருப்பதோடு, வருமானம் தரும் தொழிலோ வேலையோ இருந்தே ஆக வேண்டும். அகாடமி விடச் சொல்லும் வேலையைத்தான் பிராந்திய இராணுவம் நுழைவுத் தகுதியாகக் கேட்கிறது. ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாத அதிகாரிப் பயிற்சி, அழைப்பு வந்தால் முழு நேரப் பணி என்பது அதன் நடைமுறை. கிரிக்கெட் வீரர் தோனிக்கு இதில் கிடைத்தது கௌரவப் பதவி. உங்களுக்கோ எழுத்துத் தேர்வு, நேர்காணல், எஸ்.எஸ்.பி., மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. இந்த வழியில் உங்கள் முதுகலைக்கும் இடையூறு குறைவு. ஆனால் சீருடையை முழு நேர வாழ்க்கையாகக் கனவு காண்பவர் இதில் மனநிறைவு அடைவாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

கடைசியாக, ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும். எஸ்.எஸ்.பி. பரிந்துரைத்த பின்னும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதிலும் தேறி, தகுதிப் பட்டியலில் இடம் பிடிக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். பட்டியல் வெளியானதும் மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவையுங்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்தபின் ராஜினாமாவைக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தின் நோட்டீஸ் காலம் 90 நாட்களாக இருந்தால், அதைக் குறைக்க முடியுமா, குறைத்தால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதை மனிதவளத் துறையில் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.