‘வெறும் சோல்ஜர்’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் மதராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய். வெலிங்டனில் பயிற்சி முடித்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது காஷ்மீர் எல்லையில் ஒரு பிக்கட்டில், அதாவது காவல் நிலையில், இருக்கிறான். போன மாதம் லீவில் வந்தவனை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், “தம்பி கமாண்டோவா?” என்று கேட்டார். “இல்லைங்க, இன்ஃபன்ட்ரி” என்றான். “ஓ, வெறும் சோல்ஜரா” என்றவர், ரசம் ஊற்றுபவரைக் கூப்பிடத் திரும்பிவிட்டார். பையன் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை.

மேஜர் முகுந்த் வரதராஜன் பற்றிய படம் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். கமாண்டோ என்றால் ஒரு மரியாதை, மற்றவர் என்றால் ஒரு மரியாதை. ஒரு கமாண்டோ பத்து சாதாரண வீரர்களுக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் மொத்த ராணுவத்தையும் கமாண்டோவாக மாற்றிவிட்டால் என்ன? மாப்பிள்ளையும் பாரா எஸ்.எஃப். என்கிற சிறப்புப் படைக்கு எழுதிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறான். என் பெயரைப் போடவேண்டாம்.

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ரசக்காரருக்கு ஒரு தகவல். முகுந்த் வரதராஜன் கமாண்டோ இல்லை. ராஜ்புத் ரெஜிமென்ட்டில் சேர்ந்த காலாட்படை அதிகாரி. 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் அவர் உயிர்விட்டபோது 44-வது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தார். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்பது 1990-இல் தீவிரவாதத்தை எதிர்கொள்ள உருவாக்கிய படை. அதற்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. எல்லா ரெஜிமென்ட்களிலிருந்தும் ஆட்கள் சில வருடம் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். உங்கள் மாப்பிள்ளையையும் நாளை அனுப்பலாம். அதாவது, அசோக சக்ரா வாங்கிய, தியேட்டரில் நாம் கைதட்டிய அந்த மனிதர், பந்திக்காரரின் கணக்குப்படி ‘வெறும் சோல்ஜர்’தான்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. கமாண்டோ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயலலிதாவுக்குப் பின்னால் விறைப்பாக நின்ற கறுப்புப் பூனைகள். அப்புறம் 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த, பாரா சிறப்புப் படையின் ‘பலிதான்’ சின்னமும், அதற்கு ஐ.சி.சி. முகம் சுளித்ததும். இரண்டுமே நிஜமான வேலையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் படங்கள். கறுப்புப் பூனைகளான தேசியப் பாதுகாப்புப் படை 1984-இல் தொடங்கியது. அதிலும் நேரடியாகச் சேர முடியாது. ராணுவத்திலிருந்தும் மத்திய போலீஸ் படைகளிலிருந்தும் கொஞ்ச காலத்துக்கு வருபவர்கள்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர். இதே சந்தேகத்தை நானும் ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். காபி டம்ளரை மேஜை நடுவே கவிழ்த்து வைத்தார். “இது மலை. இதைப் பிடிக்க ஒரு ராத்திரி போதும். எஸ்.எஃப். பசங்க அருமையாப் பிடிப்பாங்க. பிடிச்ச அப்புறம்?” என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலு மாத்திரை அட்டைகளை எடுத்து டம்ளரைச் சுற்றி வைத்தார். “யார் உட்கார்றது? தண்ணி யாரு தூக்கிட்டு வர்றது? அடுத்த ஆறு மாசம் ராத்திரி யாரு முழிச்சிருக்கிறது?”

அவர் இன்னமும் பொழுது விடியும் முன்பே எழுந்து திண்ணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிடுவார். பக்திப் பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ‘ஸ்டாண்ட்-டூ’ என்றார். விடிவதற்குச் சற்று முன்பும் பொழுது சாயும்போதும் எதிரி தாக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த இரண்டு வேளையும் மோர்ச்சாவில் (பதுங்குகுழியில்) இருக்கும் அத்தனை பேரும் துப்பாக்கியோடு தயாராக நிற்கவேண்டும். ஒன்றும் நடக்காது. மறுநாளும் நிற்கவேண்டும். அப்படி எத்தனை நாள் நின்றீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டம்ளரை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

சிறப்புப் படையின் வேலை இதற்கு நேர்மாறு. 1971 போரில் மந்தோல் என்ற இடத்தில் பாகிஸ்தானின் பீரங்கி வரிசை ஒன்று பூஞ்ச் பகுதியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 13 இரவு 9-வது பாரா கமாண்டோ பட்டாலியன் குளிர்ந்த ஆற்றைக் கடந்து, எதிரியின் முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போய், ஆறு பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத் திரும்பியது. அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. விடிந்த பிறகும் அங்கேயே இருந்திருந்தால் சுற்றி வளைத்திருப்பார்கள். போகவேண்டும், முடிக்கவேண்டும், திரும்பவேண்டும். அதே மாதம் ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து 10-வது பாரா பட்டாலியன் ஜீப்புகளில் சிந்து மாகாணத்துக்குள் புகுந்து சாச்ரோவை அடித்ததும் இதே பாணிதான். அதற்குத் தலைமை தாங்கிய பவானி சிங் ஜெய்ப்பூர் மகாராஜா. மகாவீர் சக்ரா பெற்றார். (மகாராஜாவே ஜீப்பில் ஏறிப் போனார் என்பதை நம் சினிமாக்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.)

இவர்களின் பலம் ஆள்கணக்கில் இல்லை; எதிரி எதிர்பார்க்காத நேரத்தில், எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருவதில் இருக்கிறது. எதிரி முழித்துக்கொண்டுவிட்டால் அவர்களும் நல்ல பயிற்சி பெற்ற கொஞ்சம் காலாட்படைதான். கையில் கனரக ஆயுதம் கிடையாது, பின்னால் துணைக்கு ஆள் கிடையாது. எனவே ஒருவர் பத்துப் பேருக்குச் சமமா என்ற கேள்விக்கு, மந்தோலில் ஆம், மலையுச்சியில் ஆறு மாதம் காவல் இருப்பதில் இல்லை என்பதுதான் என் பதில்.

கார்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாரா பட்டாலியன்களும் சண்டையிட்டன. ஆனால் நமக்குப் பெயர் தெரிந்த சிகரங்களில் ஏறியவர்கள் பெரும்பாலும் காலாட்படையினர். தோலோலிங் சிகரத்தை 18-வது கிரனேடியர்ஸ் பட்டாலியன் முட்டி முட்டிப் பார்த்து, நிறைய பேரைப் பறிகொடுத்து, கடைசியில் ஜூன் 13 அன்று 2-வது ராஜ்புதானா ரைஃபிள்ஸ் பிடித்தது. ஒரு மலைக்கு மூன்று வாரம். மேலே இருப்பவன் கல்லை உருட்டிவிட்டாலே கீழிருந்து ஏறுபவன் சாவான் என்கிற மாதிரி இடம். அங்கே எதிரிக்குத் தெரியாமல் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பீரங்கி ஓயாமல் அடிக்கவேண்டும். அந்தச் சத்தத்துக்குக் கீழே ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு பிரிவு, ஏறவேண்டும். அது தேய்ந்தால் அடுத்தது ஏறவேண்டும்.

டைகர் ஹில் இன்னும் சுவாரசியம். செங்குத்தான பாறைப் பக்கமாகக் கயிறு கட்டி ஏறியது 18-வது கிரனேடியர்ஸின் காதக் பிளட்டூன். காலாட்படை பட்டாலியன் ஒன்றில் சுமார் 800 பேர் என்றால், அதில் இருபது பேர் அளவில் இப்படி ஒரு துடிப்பான குழுவைத் தனியாக வைத்திருப்பார்கள். (‘காதகன்’ என்று நம் பழைய நாடகங்களில் வில்லனைத் திட்டுவார்களே, அதே வேர்.) அதில் ஒருவர் யோகேந்திர சிங் யாதவ், வயது 19. உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தும் ஊர்ந்துபோய் எதிரியின் பங்கரில் கையெறிகுண்டு வீசினார். பரம்வீர் சக்ரா பெற்றார். நாம் கமாண்டோ வேலை என்று நினைக்கும் அத்தனையும் அந்த ராத்திரியில் இருந்தது. செய்தவர்கள் சாதாரண காலாட்படை பட்டாலியனின் பையன்கள். அதே நேரம் 8-வது சீக்கியப் பட்டாலியன் மேற்கு முகட்டில் உட்கார்ந்து எதிர்த்தாக்குதலைத் தாங்கியது. அது இல்லையென்றால் உச்சி கைக்கு வந்திருந்தாலும் நிலைத்திருக்காது. இதை யாரும் படமெடுப்பதில்லை.

தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவன் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் தாண்டமுடியாது. 1987 அக்டோபர் 11 இரவு. புலிகளின் தலைமை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது என்ற தகவலை நம்பி இந்திய அமைதிப்படை ஒரு திட்டம் போட்டது. 10-வது பாரா கமாண்டோ பட்டாலியன் ஹெலிகாப்டரில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கும். பின்னாலேயே 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வந்து மைதானத்தைக் கையில் வைத்துக்கொள்ளும். கமாண்டோக்கள் போய்த் தலைமையைப் பிடிப்பார்கள். காகிதத்தில் கச்சிதம். ஆனால் புலிகள் ரேடியோவை ஒட்டுக்கேட்டுத் தயாராக இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டன. சில நடைகளுக்குப் பிறகு மேற்கொண்டு ஆளைக் கொண்டுவர முடியவில்லை. தரையில் இருந்தது சுமார் நூறு கமாண்டோக்களும் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் முப்பது பேரும்.

அந்த முப்பது பேர், ஒரு பட்டாலியன் காக்கவேண்டிய திறந்தவெளியில் மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் இறந்தார்கள்; ஒருவர் பிடிபட்டார். தேடிப்போன தலைமை கமாண்டோக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சந்துகளுக்குள் வீடுகளில் புகுந்து தாக்குப்பிடித்தார்கள், ஆறு பேரை இழந்தார்கள். மிச்சப் பேரை வெளியே கொண்டுவந்தது ரயில் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டிவந்த டாங்கிகளும், தெருத் தெருவாகச் சண்டையிட்டு வந்த காலாட்படையும். அந்தச் சந்துகளில் செத்துப்போன பொதுமக்களின் கதை தனி. அதை இந்தப் பதிலுக்குள் ஒரு வரியாக அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இதைச் சொல்வது கமாண்டோக்களைக் குறைத்துப் பேச அல்ல. அன்று தரையில் இருந்த இரண்டு கூட்டமுமே, அவரவர் வேலைக்கு வேண்டியது எதுவும் இல்லாமல் இறங்கியவர்கள். கமாண்டோவுக்கு ரகசியம் வேண்டும், அது கசிந்துவிட்டது. காலாட்படைக்கு எண்ணிக்கை வேண்டும், அது ஹெலிகாப்டர்கள் கிளம்பிய பலாலி விமானதளத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு தப்பும் மேலே வரைபடத்துக்கு முன்னால் நின்றவர்களுடையது.

மொத்த ராணுவத்தையும் கமாண்டோவாக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெனரல் வில்லியம் ஸ்லிம் இதை எப்போதோ யோசித்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் ஜப்பானியரை முறியடித்த 14-வது ராணுவத்தின் தளபதி அவர். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியர்கள், நம் மதராஸிகளும் அதில் உண்டு. காட்டுக்குள் ஊடுருவும் விசேஷப் படைகளை அவர் பக்கத்திலிருந்தே பார்த்தவர். அவருடைய புலம்பல் இதுதான்: நல்ல ஆட்களையெல்லாம் விசேஷப் படைக்கு உருவிக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் பட்டாலியன் சோடை போகிறது, தவிர, கஷ்டமான வேலை நம்முடையதில்லை என்ற நினைப்பும் அதற்கு வந்துவிடுகிறது. மரம் ஏறுவதற்கென்று தனிப்படை வைத்து, பச்சைத் தொப்பி போட்டவனைத் தவிர வேறு யாரும் மரம் ஏறக்கூடாது என்பது போல, என்று கேலி செய்தார். ஸ்லிம் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைக்கிறேன். மந்தோல் மாதிரி வேலைக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பழகிய குழு வேண்டும், அவசரத்துக்குப் பொறுக்கியெடுத்த ஆட்கள் சரிப்படமாட்டார்கள். ஆனால் சிறு குழுக்களை நடத்தும் நல்ல நாயக்குகளையும் ஹவில்தார்களையும் இழந்த கம்பெனி என்ன ஆகும் என்று எங்கள் தெரு சுபேதாரைக் கேட்டால் ஸ்லிம் பக்கம்தான் பேசுவார்.

கடைசியாக மாப்பிள்ளை விஷயம். தாராளமாக எழுதிக்கொடுக்கலாம். பாரா எஸ்.எஃப்.புக்கு ராணுவத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் சொந்த விருப்பத்தில் போகலாம். அங்கே ‘புரொபேஷன்’ என்று மாதக்கணக்கில் பிழிந்தெடுப்பார்கள்: தூக்கமில்லாமல், பாரம் சுமந்து, நடந்து, ஓடி. எந்த நிமிடமும் போதும் என்று கையைத் தூக்கிவிட்டு வெளியேறலாம். பெரும்பாலோர் அப்படித்தான் திரும்புகிறார்கள், அல்லது திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தேறியவருக்குத்தான் மரூன் தொப்பியும் அந்தப் பலிதான் சின்னமும். தேறாதவர் தன் பழைய பட்டாலியனுக்கே வந்து சேர்ந்து வேலையைத் தொடர்வார். மூட்டும் முதுகும் நன்றாக இருக்கும் வயதிலேயே முயன்றுவிடச் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலை பிடித்திருந்தால் போகட்டும்; பந்தியில் பதில் சொல்வதற்காகப் போகிறவன் முதல் வாரத்திலேயே கையைத் தூக்கிவிடுவான்.

அடுத்த லீவில் வரும்போது, அவன் பிக்கட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். சுபேதார் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். அவர் காலத்தில் பாதி வழி கோவேறு கழுதை, அதற்கு மேல் முதுகில் ஜெரிக்கேனாம்.