புளியும் திருநீறும் வேண்டாம்

கேள்வி: என் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே 1862 என்று பொறித்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் நான்கும், செப்புக் காலணாக்கள் இருபதும் இருந்தன. வெள்ளி கறுத்திருக்கிறது, சில காலணாக்களில் பச்சையாகப் பூத்திருக்கிறது. ஒரு காலணாவைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளபளப்பாகிவிட்டது. மற்றவற்றையும் தேய்க்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, ஒரு காலணாவோடு நிறுத்திக்கொண்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். மற்றவற்றைத் தொடாதீர்கள்.

குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை நமக்கு. கறுப்பைக் கண்டால் அழுக்கு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. நாணயத்தின் மேல்பரப்பே பல்லாண்டுக் காற்றில் அப்படி மாறியிருக்கிறது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்குகிறது. அந்தக் கறுப்பை எடுக்கும்போது மேல்பரப்பும் கூடவே போகிறது. புளி தேய்த்த காலணாவில் தெரியும் இளஞ்சிவப்பு புதுக்காசின் மெருகு அல்ல, தோலுரிந்த செம்பு.

வெள்ளிக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கும் வழக்கமும் உண்டு. அது நுண்ணிய கீறல்களை விடும். உங்கள் ரூபாய்களுக்கு அது பெரும் நஷ்டம். 1862 என்ற ஆண்டைப் பொறித்தே 1874 வரை ரூபாய்களை அச்சடித்தார்கள். பின்பக்கத்துச் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் அவற்றை வகை பிரிக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் தேய்ந்தால் நாணயத்தின் அடையாளமே போய்விடும். 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி என்ற கணக்கு உருக்குபவருக்குப் போதும். சேகரிப்பாளரோ லென்ஸ் வைத்துப் பார்ப்பவர். தேய்த்த காசை உடனே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்.

பச்சையில் மட்டும் கவனம் தேவை. வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாக இருந்தால் அது நாணயத்துக்குக் கவசம், விட்டுவிடுங்கள். விரல் பட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் என்றால் உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரித்துக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட காசுகளைத் தனியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தூள் மீண்டும் மீண்டும் பூத்தால் நாணயப் பராமரிப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலரவிடலாம். துடைக்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பும் குளோரினும் இருக்கும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடித்தே எடுங்கள். விரல் வியர்வையும் கறை விடும். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சைக் கறை ஏற்றும். கடையில் கேட்டு மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையாக வாங்குங்கள்.

புளி பட்ட காலணாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைக் கறுப்பாக்க மருந்து எதுவும் தடவாமல் வைத்திருங்கள். ஆண்டுகள் போகப் போகத் தானே மங்கும். என்றாவது விற்க நேர்ந்தால், தேய்த்தது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சுருக்குப்பையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். யாருடையது, எந்தப் பெட்டியில், எந்த ஆண்டு கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதற்குள் வைத்துவிடுங்கள்.