பஸ் என்றால் ‘க்கும்’

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஹாம்’ பன்றிக்கறி, அதனால் ஹாம்பர்கர் என்றால் பன்றிக்கறி வைத்தது என்று ஆறாவது படிக்கும் என் மகள் சொன்னாள். அகராதியைப் புரட்டினால், ஹாம்பர்க் என்ற ஊரிலிருந்து வந்த பெயராம். அப்படியானால் வெஜ் பர்கரில் இருக்கும் ‘பர்கர்’ என்ன? ஊர்ப்பெயரைப் பாதியில் நறுக்கி வேறொன்றோடு ஒட்டுவதெல்லாம் சொல்லாக்கமா? புணர்ச்சி விதி படித்த நமக்கு இது கூத்தாகத் தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூத்தேதான். பண்ருட்டிப் பலாவைப் பார்த்த யாரோ, ‘பண்’ என்பதுதான் பழம் என்று நினைத்து, ‘முந்திரிருட்டி’ என்று கடை போட்டால் எப்படி இருக்கும்? பர்கர் கதை அதுதான். ஹெலிகாப்டர் இன்னும் மோசம். கிரேக்கத்தில் ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டெர்’ சிறகு. ஆங்கிலக் காது அதை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிளந்துகொண்டு ஹெலிபேட் வரை போய்விட்டது.

எனக்குப் பிடித்தது பஸ். லத்தீனில் ‘ஆம்னிபுஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. 1820களில் பிரான்ஸின் நாந்த் நகரில் ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் அதை லண்டனில் ஓட்டினார். பெயர் நீளமாக இருக்கிறதென்று லண்டன்காரர்கள் தலையை வெட்டி எறிந்து, வேற்றுமை உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘எல்லோர்’ போய்விட்டது, ‘க்கும்’ மிச்சம். அந்த ‘க்கும்’மில் தொங்கிக்கொண்டுதான் நீங்கள் பாண்டிக்குப் போய்வருகிறீர்கள். மினி பஸ், ஏர்பஸ் எல்லாம் அந்த உருபின் பேரப்பிள்ளைகள்.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? ‘ஆம்னி’யைத் தனியாகப் பிரித்து ஆம்னி பஸ் என்று ஒரு ஜாதியே உண்டாக்கினோம். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டுநர் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றுகிற எந்த வண்டியும் ஆம்னிபஸ்தான், டவுன் பஸ் உட்பட. நம் வழக்கில் அது தனியார் சொகுசு வண்டி. தீபாவளி வாரக் கட்டணத்தைப் பார்த்தால் ‘எல்லோருக்கும்’ என்று சொல்ல வாய் வராது.

புணர்ச்சி விதி என்றீர்களே, அதற்கும் ஒன்று. நம் கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் ‘கேட்டமரன்’ என்று அழைப்பதாக வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். பிறகு அது இரட்டை உடல் படகின் பெயராயிற்று. மூன்று உடல் படகு வந்தபோது ‘ட்ரைமரன்’ என்றார்கள். தமிழே தெரியாதவர்கள், கத்தியைச் சரியாகக் கட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறக்கியிருக்கிறார்கள்! அந்தப் படகுகளில் பல இன்று வெறும் பைபர், மருந்துக்கும் மரம் கிடையாது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். பர்கரைவிட இதில் அவளுக்குக் கேள்விகள் அதிகம் வரும்.