இரண்டரை வயதில் நீச்சல் வகுப்பு: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே வரும் மாஸ்டர், "பதினைந்தே நாளில் நீந்த வைத்துவிடுவேன். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அடம்பிடிக்கும், நீங்கள் வரவேண்டாம்" என்கிறார். இன்னோர் இடத்தில் அம்மாவும் குழந்தையும் சேர்ந்து இறங்கும் வகுப்பு நடக்கிறது. கட்டணம் இரண்டு மடங்கு. என் மாமனாரோ, "கிணத்துல தூக்கிப் போட்டா தானா நீந்துவான், இதுக்குப் போய் காசா?" என்கிறார். எனக்கும் நீச்சல் தெரியாது. என்ன செய்வது?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: நீங்களும் கூடவே இறங்கும் வகுப்பில் சேருங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாதது தடையே இல்லை. இந்த வயதுக்கான வகுப்பு, பெரியவர்கள் காலூன்றி நிற்கும் ஆழத்தில்தான் நடக்க வேண்டும். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத்தான் நீங்கள். சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார்.

பதினைந்து நாள் வாக்குறுதியை நம்பாதீர்கள். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். முகத்தைத் தூக்கி மூச்செடுத்து, மறுபடி தண்ணீரில் வைத்து, கையும் காலும் சேர்த்து இயக்குவதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயது வாக்கில்தான் கைகூடும். ஒரு வயதிலிருந்தே வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. ஆனால் வகுப்புக்குப் போகும் குழந்தை மூழ்காது என்று அவர்கள் சொல்லவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அம்மாவை வெளியே நிறுத்துகிற ஆசிரியரிடம் இத்தனை சிறிய பிள்ளையை நான் விடமாட்டேன்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைக் கரையில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். நான் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். இன்னொருவர் வகுப்பைப் பார்க்கப் போனால் முதலில் குளத்துச் சுவரோரம் என்ன நடக்கிறது என்றுதான் கவனிப்பேன். நல்ல ஆசிரியர் பிள்ளையைக் குளத்தின் விளிம்பில் உட்கார வைப்பார். "வா" என்றதும் பிள்ளை அவர் கைக்குள் குதிக்கும். உடனே அதைத் திருப்பி, விளிம்பைப் பிடிக்கச் செய்வார். பிஞ்சு விரல் பத்தும் விளிம்பில் பதியும். முழங்கையை ஊன்றி, வயிற்றால் எக்கி, ஒரு முழங்காலைத் தூக்கிப் போட்டு மேலே ஏறும். திரும்பக் குதிக்கும். குதி, திரும்பு, பிடி, ஏறு: பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். தவறி விழுந்தால் கரைப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உடம்பு பழகுவது இதில்தான். இரண்டரை வயதில் நான் எதிர்பார்ப்பது இதையும், வாயால் தண்ணீரில் குமிழி விடுவதையும், ஆசிரியர் தோளில் தலை சாய்த்து மல்லாந்து கிடப்பதையும் மட்டுமே.

பிள்ளை அழும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். தூக்கி அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டால் சரி. அழ அழத் தலையை முக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி முக்கப்பட்டு, பிறகு குளியலறைக்குள் வரவே நடுங்கிய குழந்தைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் கால் நனைப்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அடிக்கடி முக்கினால் பிள்ளை தண்ணீரையும் நிறைய விழுங்கும், அது உடம்புக்கு ஆகாது.

காற்றடைத்த கைப்பட்டையை மாட்டிவிட்டுச் சொல்லித்தருகிற இடமும் வேண்டாம். அது பிள்ளையை நிமிர்த்தி நிற்க வைக்கும். நீந்தும் உடல் படுத்திருக்க வேண்டும். பட்டை இருக்கும் தைரியத்தில் பழகிய பிள்ளை, அது இல்லாத நாளிலும் குதிக்கும்.

தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. மார்கழி, தை காலைகளில் திறந்தவெளிக் குளம் சில்லென்றிருக்கும், அப்போது சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் போதும்; உதடு நீலம் பூத்தால் அதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் சுத்தமான குளம் என்று நினைக்க வேண்டாம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால்தான் அந்த நெடி வரும்.

உங்கள் மாமனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி, கிணற்றில் நீந்திப் பழகிய தலைமுறை அது. ஆனால் எத்தனை வயதில் பழகினார் என்று கேளுங்கள். ஆறு, ஏழு என்பார். கீழே தண்ணீரில் அண்ணனோ சித்தப்பாவோ நின்றிருப்பார். உலக சுகாதார நிறுவனமும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரச் சொல்கிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அது முதலில் சொல்வது வேலியும் ஆள் காவலும்.

அதனால் வகுப்பு தேடும் இந்த வாரத்திலேயே வீட்டையும் பாருங்கள். குளியலறை வாளியில் சாண் அளவுத் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது, சத்தமும் வராது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், வெளித்தாழ்ப்பாள் போடுங்கள். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, குளத்தைச் சுற்றி வேலியும் தானாக மூடும் கதவும் உண்டா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கட்டணத்தை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம். சளி, காய்ச்சல் என்றால் போக வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் அறவே கூடாது, கிருமி அதைத் தாண்டித் தண்ணீரில் கலந்துவிடும். விட்டுப்போன வகுப்புக்கு மாற்று வகுப்பு தருவார்களா என்று சேரும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.