அழுதவரைக் கேலி செய்யும் முன்

கேள்வி: சென்ற இதழில் ஒரு ரசிகர், 'பிளாக் பாந்தர்' இரண்டாம் பாகத்தைப் பார்த்துத் திரையரங்கில் அழுததாகப் பக்கம் பக்கமாக உருகியிருந்தார். பூனை முகமூடி மாட்டிக்கொண்டு தாவித் தாவிச் சண்டை போடும் படத்தில் அழுவதற்கு என்ன இருக்கிறது? கதாநாயகன் இறந்துபோனதைக் காட்டி டிக்கெட் விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதானே? ஜேம்ஸ் பாண்ட் வேடத்துக்கு எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள்! இன்னொருவரை நடிக்கவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாமே?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பூனை அல்ல, கருஞ்சிறுத்தை. முகமூடி எந்த விலங்கினுடையது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக்கூடப் படத்தைப் பார்க்காமல், பார்த்து அழுதவரை விசாரிக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

டிக்கெட் விற்றார்கள் என்பது உண்மை. மார்வெல் நிறுவனம் தர்மசத்திரம் நடத்தவில்லை. ஆனால் பணம் ஒன்றே குறி என்றால், நீங்கள் சொல்லும் யோசனையைத்தான் அவர்களுடைய கணக்குப்பிள்ளையும் சொல்லியிருப்பார். 2018இல் வந்த முதல் பாகம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமும் அதுதான். அப்படியொரு பொன்முட்டையிடும் வாத்து கையில் இருக்கும்போது, வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் மன்னரும் கருஞ்சிறுத்தை வீரனுமான டி'சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 43. அந்த வேடத்தில் வேறு யாரும் நடிக்கமாட்டார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் தயாரிப்பாளர் கெவின் ஃபைகி அறிவித்துவிட்டார். இரண்டாம் பாகம் 2022 நவம்பரில் வந்து 85 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெரிய தொகைதான், ஆனால் முதல் பாகத்தை விட வெகுவாகக் குறைவு. பிணத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடத்துவார்கள்.

வேறு நடிகரைப் போடுங்கள் என்று ரசிகர்களிலேயே ஒரு சாரார் மனு எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. திரையில் தங்களைப் போன்ற ஓர் அரசனைக் கண்டு நிமிர்ந்த கறுப்பினப் பிள்ளைகள், நடிகரோடு சேர்த்து அந்த அரசனையும் இழந்துவிடக் கூடாது என்றார்கள். அந்த வாதத்துக்கு நான் தலைவணங்குவேன். 'அடுத்த வேலையைப் பார்' என்ற உங்கள் அவசரத்துக்கு முடியாது. போஸ்மேனுக்கு 2016இலேயே நோய் கண்டறியப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் இடையில்தான் அவர் நடித்துக்கொண்டிருந்தார் என்று குடும்பத்தினர் பின்னர் தெரிவித்தார்கள். இயக்குநர் ரயன் கூக்ளருக்கே நோயின் விவரம் தெரியாது. போஸ்மேனை மனத்தில் வைத்து ஒரு தந்தைக்கும் மகனுக்குமான கதையை எழுதி வைத்திருந்தவர், அதை மூட்டைகட்டிவிட்டு, சினிமாவையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்குப் போனார். பாண்ட் வேடத்தில் ஆள் மாறிய கதையும் இதுவும் ஒன்றா?

இனி, அழ என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ரசிகர் டி'சாலாவுக்கான வெள்ளை உடை இறுதி ஊர்வலத்தையும் பாடகி ரிஹானாவின் பாட்டையும் கண்டு உருகியிருந்தார். இரண்டும் அழகுதான். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் பட்டது டி'சாலாவின் தங்கை ஷூரியின் பிடிவாதம்.

படம் இருட்டில் தொடங்குகிறது. ஷூரியின் குரல் மட்டும் கேட்கிறது: அண்ணனைக் காப்பாற்ற ஒரு வாய்ப்புக் கொடு என்று தெய்வத்திடம் மன்றாடுகிறாள். பிறகு அவளுடைய ஆய்வுக்கூடம். கருஞ்சிறுத்தைக்குப் பலம் தருவதும் அண்ணனைப் பிழைக்கவைக்கக்கூடியதுமான மூலிகையைச் செயற்கையாக உருவாக்கப் பரபரக்கிறாள். அம்மா ரமோண்டா உள்ளே வருகிறாள், முடிந்துவிட்டது என்கிறாள். டி'சாலாவை நாம் பார்ப்பதே இல்லை. நோயின் பெயரையும் படம் சொல்வதில்லை. கணினியில் முகத்தைச் செய்து ஒட்டி ஒரு மரணப்படுக்கைக் காட்சி வைத்திருக்கலாம், செய்யவில்லை. மனிதன் சாகும்போது பக்கத்தில் இல்லாமல், வேலை செய்துகொண்டிருந்தவளின் பக்கம் கேமரா நிற்கிறது. மருத்துவமனை வராந்தாவில் மாத்திரைச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே ஆள் போய்விட்ட அனுபவம் உள்ள யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஓராண்டு கழித்து, ஆற்றங்கரையில் தாயும் மகளும். துக்கம் முடிவதன் அடையாளமாக, ஈமச்சடங்கில் உடுத்திய உடையை எரிக்க வேண்டும் என்கிறாள் தாய். டி'சாலா காற்றாக வந்து தன் தோளைத் தொட்டதாகச் சொல்கிறாள். மகள் விஞ்ஞானி, அது உன் மனம் ஆறுதலுக்காகக் கட்டிக்கொண்ட கற்பனை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். உட்கார்ந்து அண்ணனை நினைக்கத் தொடங்கினால் எரியப்போவது இந்தத் துணி அல்ல, உலகமே என்கிறாள். நல்ல வசனம் என்பதோடு நிற்காமல் படம் அதைச் செய்தும் காட்டுகிறது. கடலடி நாடான தலோகானின் அரசன் நமோர் வகாண்டாவை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறான்; அதில் தாயும் இறக்கிறாள். அதன் பிறகு ஷூரி உலகை எரிக்கத்தான் கிளம்புகிறாள்.

அண்ணனுக்குக் கிடைக்காத அந்த மூலிகை, அண்ணன் போன பிறகு அவளுக்குக் கைகூடுகிறது. எதற்காக? நமோரைக் கொல்வதற்கான பலத்துக்காக. அதைக் குடித்து மூதாதையர் உலகுக்குப் போகிறாள், தாயைக் காணும் ஆசையோடு. ஆனால் அங்கே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவன், முதல் பாகத்தின் வில்லன் கில்மோங்கர். அந்தப் பாகத்தில் மூலிகைத் தோட்டத்தைக் கொளுத்தச் சொன்னவனே அவன்தான். தோட்டம் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருக்கலாம். தன் அண்ணனைக் கொன்றவனென்று அவள் சொல்லத் தகுந்த ஒருவனே அவளுக்கு ஆலோசகனாக வந்து, அண்ணனைப் போல நல்லவளாக இருக்கப்போகிறாயா, என்னைப் போலக் காரியத்தை முடிக்கப்போகிறாயா என்று கேட்கிறான். அவன் வருவது ரசிகர்களைக் கைதட்டவைக்கும் தந்திரம் என்று எழுதியவர்கள் இந்த முடிச்சைக் கவனிக்கவில்லை. அவளுக்குள் அந்த நேரத்தில் இருந்தது அவன்தான். தாய் எப்படி வருவாள்?

துக்கத்தில் இருப்பவர்கள் பண்பாக அழுவார்கள் என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. உண்மையில் அவர்களில் பாதிப் பேர் கோபக்காரர்கள். ஆறுதல் சொல்ல வந்தவரிடமே எரிந்து விழுவார்கள். இதைச் சொல்ல கோடிக்கணக்கில் செலவிட்ட சண்டைப் படம் ஒன்று முன்வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

குறை இல்லையா? தாராளமாக இருக்கிறது. 161 நிமிடம் நீளம். அமெரிக்க உளவுத்துறைக் காட்சிகளை மொத்தமாக வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒரு கீறலும் விழாது. ரீரி வில்லியம்ஸ் என்ற மாணவி வருவது முக்கால்வாசி அடுத்த தொடருக்கான விளம்பரம்தான். கப்பல் மேல் நடக்கும் கடைசிப் போரில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. 'டிக்கெட் விற்கிறார்கள்' என்று இந்த இடங்களைக் காட்டி எழுதியிருந்தால், உங்கள் கடிதத்தை அப்படியே பிரசுரித்து ஆமாம் போட்டிருப்பேன். நீங்களோ படத்தில் நேர்மையாக இருக்கும் ஒரே பகுதியைக் குறிபார்த்துக் கல்லெறிந்திருக்கிறீர்கள்.

ரசிகர் மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. அவ்வளவு எழுதியவர், ரமோண்டாவாக நடித்த ஏஞ்சலா பாசெட்டை ஒரு வரியில் கடந்துவிட்டார். ஷூரியை நமோரின் ஆட்கள் கடத்திச் செல்லவிட்டுத் திரும்பிய தளபதி ஓக்கோயேவை அரசவையில் நிறுத்தி, பதவியைப் பறிக்கும் காட்சி ஒன்று போதும். அரசியாகத்தான் பேசத் தொடங்குகிறாள். உலகின் பலம் மிக்க நாட்டுக்கு அரசி நான், என் குடும்பமே போய்விட்டதே என்ற இடத்துக்கு வரும்போது அரசவையில் நிற்பது ஒரு விதவைத் தாய் மட்டுமே. மார்வெல் படங்களில் நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஆள் அவர்தான். விருது கிடைக்கவில்லை. உடை வடிவமைப்புக்காக ரூத் கார்ட்டருக்குக் கிடைத்தது. இரண்டு ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமையும் சேர்ந்தது. பாட்டுக்கு ஒதுக்கிய மூன்று பத்தியில் ஒன்றைக் கழித்து பாசெட்டுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அந்த ரசிகருக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு: படம் முழுவதையும் பார்த்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் போடுகிறேன்.